அடுத்தவர் யார்? 2012 நவம்பரில் அடிபட்ட பெயர்கள்



2012 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. பராக் ஒபாமா இரண்டாம் முறையாக அமெரிக்க அதிபர் தேர்தலில் வென்றார். தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு 332, மிட் ராம்னிக்கு 206. அந்த வாரம் முடிவதற்குள் அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வேறு இரண்டு கேள்விகளுக்குப் போய்விட்டன. அமைச்சரவையில் யார் போகிறார், யார் வருகிறார்? 2016-இல் அதிபர் வேட்பாளர்கள் யார்? வென்றவர் இன்னும் இரண்டாம் பதவிப் பிரமாணமே எடுக்கவில்லை. அதற்குள் அவருக்கு அடுத்தவரைத் தேட ஆரம்பித்தாயிற்று.

இதை ஊடகங்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நவம்பரில் அடிபட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று நான்காண்டு பின்தொடர்ந்து பார்த்தால், ஊகம் வெறும் ஊகமாக நிற்கவில்லை என்பது தெரியும். பெயர் வெளியே வந்த அன்றே அந்த ஆளின் அரசியல் மாறிவிடுகிறது. எதிரிகளுக்கு ஓர் இலக்கு கிடைக்கிறது. பெயருக்கு உரியவரும் அதற்கேற்ப நடக்கத் தொடங்குகிறார், பல நேரம் தவறாக. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில், ஏன் இத்தனை அவசரம்? காரணம் அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்ததைப் பார்த்து மிரண்டவர்கள் கொண்டுவந்த 22-ஆவது திருத்தம் 1951-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ஆகவே இரண்டாம் வெற்றிக்கு மறுநாள் காலையிலேயே, இவர் போகப்போகிறவர் என்று ஊருக்கே தெரியும். போகிறவரைச் சுற்றி இருப்பவர்கள் வருகிறவரைத் தேடுவது உலக வழக்கம்.

அமைச்சரவை விஷயம் வேறு மாதிரி. நம் நாட்டில் வெளியாள் ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சபையில் உறுப்பினராகிவிட வேண்டும். அமெரிக்காவில் நேர் எதிர்: செனட்டராக இருப்பவர் அமைச்சராக வேண்டுமென்றால் செனட்டை விட்டு வெளியே வர வேண்டும். அதிபர் பெயரை முன்மொழிவார், செனட் குழு விசாரிக்கும், பிறகு முழு சபை வாக்களிக்கும். இத்தனை கெடுபிடி இருந்தும், அமெரிக்க வரலாற்றிலேயே அமைச்சராக முன்மொழியப்பட்டு செனட் வாக்கெடுப்பில் தோற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடைசியாகத் தோற்றவர் ஜான் டவர், 1989-இல், 47-க்கு 53 என்ற கணக்கில். அப்படியானால் வேண்டாதவர்களை எங்கேதான் தடுக்கிறார்கள்? பெயர் வதந்தியாக இருக்கும்போதே. முன்மொழிவு வருவதற்கு முந்தைய அந்த ஐந்தாறு வாரங்களில்தான் உண்மையான வாக்கெடுப்பு நடந்துமுடிகிறது.

சூசன் ரைஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன், ஒரு தவணைக்கு மேல் இருக்கப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு முதலில் அடிபட்ட பெயர் ரைஸ். ஐ.நா.வில் அமெரிக்கத் தூதர், ஒபாமாவுக்கு 2008 பிரசாரக் காலத்திலிருந்தே நெருக்கமானவர். ஆனால் செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டு, தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸும் மேலும் மூன்று அமெரிக்கர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறு, செப்டம்பர் 16, அரசுத் தரப்பில் பேச அனுப்பப்பட்டவர் ரைஸ். ஒரே காலையில் ஐந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். உளவுத்துறை தயாரித்துக் கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு, இப்போது கைவசம் உள்ள தகவல்படி இது இஸ்லாமை இழிவுபடுத்திய ஒரு வீடியோவுக்கு எதிராகத் தன்னெழுச்சியாகக் கிளம்பிய போராட்டத்திலிருந்து தொடங்கியது என்கிற பொருளில் சொன்னார். பெங்காசியில் அப்படி ஒரு போராட்டமே நடக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஹிலாரி அந்த ஞாயிறு எந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் முடிந்ததும் ஜான் மெக்கெய்ன், லிண்ட்சி கிரஹாம் போன்ற குடியரசுக் கட்சி செனட்டர்கள் ரைஸை விடமாட்டோம் என்று கிளம்பினார்கள். நவம்பர் 14-ஆம் தேதி நிருபர்கள் சந்திப்பில் ஒபாமா கோபமாகவே பேசினார். யாரையாவது குறை சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள் என்றார். ஆனால் ரைஸின் பெயரை முன்மொழியவில்லை. அதிபர் இத்தனை உணர்ச்சியோடு காப்பாற்ற முன்வந்தது, முன்மொழியப்படாத ஒருவரை! நவம்பர் 27-இல் ரைஸ் தாமே நாடாளுமன்றத்துக்குப் போய் மெக்கெய்ன், கிரஹாம், கெல்லி அயோட் மூவரையும் சந்தித்து விளக்கினார். சமாதானம் பேசப் போன இடத்தில், முன்பைவிட இப்போது கவலை அதிகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வெளியே வந்தார்கள். டிசம்பர் 13-இல் தம் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று அதிபருக்குக் கடிதம் எழுதிவிட்டார் ரைஸ். செனட் ஆவணங்களில் தேடிப் பாருங்கள். அவரை யாரும் நிராகரிக்கவில்லை. அப்படி ஒரு முன்மொழிவே இல்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் ஒபாமா அவரைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக்கினார். அந்தப் பதவிக்கு செனட் ஒப்புதல் தேவையில்லை. வெள்ளை மாளிகைக்குள்ளேயே அறை, தினமும் அதிபரோடு பேச்சு. வெளியுறவு அமைச்சரைவிட அதிகாரம் எந்த விதத்தில் குறைவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ரைஸ் விலகியதும் இடம் ஜான் கெர்ரிக்குப் போயிற்று. 2004-இல் தாம் வேட்பாளராக இருந்தபோது பாஸ்டன் மாநாட்டில் முக்கிய உரையாற்ற ஒபாமாவை மேடையேற்றியவர் அவர். 2012-இல் விவாத ஒத்திகையில் ராம்னி வேடம் கட்டி ஒபாமாவோடு மோதியவரும் அவரே. செனட்டில் 94-க்கு 3. குடியரசுக் கட்சியினர் இவ்வளவு தாராளமாக வாக்களித்ததற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு என்று அப்போது பேசினார்கள். கெர்ரி போனால் மாசசூசெட்ஸில் செனட் இடம் காலியாகும். நவம்பரில் எலிசபெத் வாரனிடம் தோற்றிருந்த ஸ்காட் பிரௌன் அதில் நின்று மீண்டு வருவார். பிரௌன் நிற்கவே இல்லை. ஜூன் மாத இடைத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் எட் மார்க்கி வென்றார்.

நிதியமைச்சர் நியமனத்தில் பெரிய சண்டை இல்லை. ஜேக் லூ வந்தார். அமெரிக்க டாலர் நோட்டில் நிதியமைச்சரின் கையெழுத்து இருக்கும். லூவின் கையெழுத்தோ ஜாங்கிரி பிழிந்ததுபோல வரிசையாகச் சுழி சுழியாக இருக்கும், ஓர் எழுத்துகூடப் புரியாது. ஓர் எழுத்தாவது படிக்கிற மாதிரி போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஒபாமா மேடையிலேயே கிண்டல் செய்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொரு நிதியமைச்சர் நினைவுக்கு வருகிறார். ஆபிரகாம் லிங்கனின் அமைச்சரவையில் இருந்த சால்மன் சேஸ். 1862-இல் அச்சிட்ட ஒரு டாலர் நோட்டில் அவர் தம் முகத்தையே போட்டுக்கொண்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும்: அவருக்கு அதிபராகும் ஆசை. ஒரு டாலர் நோட்டுத்தான் அதிகம் பேர் கையில் புழங்கும். சுவரொட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? 1864-இல் லிங்கனை எதிர்த்தே வேட்பாளராகப் பார்த்தார், நடக்கவில்லை. லிங்கன் அவரது ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு, அதே ஆண்டு டிசம்பரில் தலைமை நீதிபதியாக்கி உட்காரவைத்தார்.

பழைய காலத்தில் அமைச்சரவைப் பேச்சும் அடுத்த அதிபர் பேச்சும் ஒன்றுதான். மேடிசன், மன்றோ, ஜான் குவின்சி ஆடம்ஸ் என்று வரிசையாக மூன்று பேர் வெளியுறவு அமைச்சர் நாற்காலியிலிருந்து நேராக அதிபர் நாற்காலிக்குப் போனார்கள். 1824 தேர்தலில் ஆடம்ஸ் வெளியுறவு அமைச்சர், எதிரே நின்ற வில்லியம் கிராஃபர்ட் நிதியமைச்சர். ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்கு வாங்கியும் பெரும்பான்மை இல்லாமல், முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிற்று. சபாநாயகர் ஹென்றி கிளே ஆதரவில் ஆடம்ஸ் அதிபரானார். உடனே கிளே வெளியுறவு அமைச்சரானார். அடுத்த அதிபர் பதவிக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள் என்று ஜாக்சன் ஆட்கள் நான்கு ஆண்டு ஊர் ஊராகச் சொல்லி, 1828-இல் ஜெயித்தும் காட்டினார்கள். கிளே கடைசிவரை அதிபராகவில்லை.

அதன்பின் அந்த ஏணி ஒடிந்துபோயிற்று. நாடாளுமன்றத்தில் கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரை முடிவுசெய்த காலம் போய், 1830-களில் கட்சி மாநாடுகள் வந்தன, இருபதாம் நூற்றாண்டில் மாநிலவாரி உட்கட்சித் தேர்தல் வந்தது. அமைச்சருக்கு ஏது தொகுதி, ஏது மாநிலம்? 1856-இல் வென்ற ஜேம்ஸ் புக்கானனுக்குப் பிறகு, வெளியுறவு அமைச்சராக இருந்த ஒருவர்கூட அதிபராகவில்லை. அமைச்சரவையிலிருந்து நேராக அதிபரான கடைசி ஆள் ஹெர்பர்ட் ஹூவர், 1928-இல். அவருக்கும் கைகொடுத்தது வர்த்தக இலாகா என்பதைவிட 1927 மிசிசிப்பி வெள்ளத்தில் செய்த நிவாரண வேலை. இத்தனையும் தெரிந்தும் 2012 நவம்பரில் எல்லாப் பட்டியல்களிலும் முதல் பெயர் ஹிலாரி கிளிண்டன்.

அதற்கு வருமுன் பாதுகாப்பு அமைச்சர் நியமனத்தையும் சொல்லிவிடுகிறேன். சக் ஹேகல் குடியரசுக் கட்சியின் முன்னாள் செனட்டர், வியட்நாம் போரில் இருமுறை காயம்பட்டவர். டிசம்பர் நடுவில் அவர் பெயர் கசிந்தது. முறையான முன்மொழிவு ஜனவரி 7-இல்தான். இடையில் கிடந்த மூன்று வாரத்தில் அவர் என்றோ பேசியதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டார்கள். 1998-இல் ஒரு தூதர் நியமனத்தின்போது தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பற்றிச் சொன்னதற்கு, 14 ஆண்டு கழித்து மன்னிப்புக் கேட்டார். பதில் சொல்ல அவருக்கு ஒரு மேடை இல்லை. முன்மொழியப்படாதவரை வெள்ளை மாளிகை எப்படி முழுமூச்சாக ஆதரிக்கும்?

ஜனவரி 31-ஆம் தேதி செனட் குழு விசாரணை. ஈரான் அணுகுண்டு விஷயத்தில், அந்நாடு குண்டு செய்தபின் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்கிற கொள்கை ஒன்று; செய்யவே விடக்கூடாது என்பது இன்னொன்று. ஒபாமா அரசு இரண்டாவதைச் சொல்லிவந்தது. ஹேகலோ, கட்டுப்படுத்தும் கொள்கையை ஆதரிக்கிறேன் என்கிற மாதிரி பேசிவிட்டார். பின்னாலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. படித்துவிட்டு, தவறிப் பேசிவிட்டேன், அதில் நமக்கு நிலைப்பாடே இல்லை என்றார். குழுத் தலைவர் கார்ல் லெவின், தம் கட்சி அதிபரின் ஆளாயிற்றே என்று குறுக்கிட்டு, நிலைப்பாடு இருக்கிறது, கட்டுப்படுத்தும் கொள்கை கூடாது என்பதுதான் அது என்று திருத்த வேண்டியதாயிற்று. கடைசியில் 58-க்கு 41 என்று தேறினார். ஆனால் அடிபட்ட நிலையில்தான் பதவிக்குள் நுழைந்தார். 2014 இடைக்காலத் தேர்தல் முடிந்த அதே மாதம் ராஜினாமாவை அறிவித்தார்.

இனி 2016 பட்டியல். தேர்தல் முடிந்து பதினோராம் நாள், நவம்பர் 17, புளோரிடா செனட்டர் மார்கோ ரூபியோ அயோவா மாநிலத்தில் இருந்தார். ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டாட்டின் பிறந்தநாள் விழாவாம். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் முதல் வாக்கு அயோவாவில்தான் விழும் என்பதால், அங்கே பிறந்தநாள் கேக் சாப்பிடப் போகிறவர்களை யாரும் நம்புவதில்லை. ராம்னி தோற்றதற்கு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்கு போனதே காரணம், ஆகவே கட்சியைக் காப்பாற்ற கியூபப் பெற்றோரின் மகன் ரூபியோதான் சரியான ஆள் என்று கணக்குப் போட்டார்கள். 2013 பிப்ரவரியில் டைம் பத்திரிகை அவரைக் கட்சியின் ரட்சகர் என்று அட்டையில் போட்டது. அதே மாதம் ஒபாமா உரைக்குத் தொலைக்காட்சியில் பதிலுரை ஆற்றும்போது, தொண்டை வறண்டு, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் கைநீட்டி தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். மறுநாள் உரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தண்ணீர் பாட்டில் போகட்டும். அந்தக் கணக்கை ரூபியோவும் நம்பியதுதான் விஷயம். குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை எழுதிய எட்டு செனட்டர்களில் ஒருவரானார். 2013 ஜூனில் செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதைத் தொடவே இல்லை. கட்சியின் அடிமட்டத் தொண்டர்கள் அதை மறக்கவும் இல்லை. 2016 மார்ச்சில் சொந்த மாநிலமான புளோரிடாவிலேயே தோற்று விலகினார்.

நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் கதை இதற்குத் தம்பி. ஜனநாயகக் கட்சியினரும் வாக்களிக்கும் குடியரசுக் கட்சிக்காரர் என்ற பெயரோடு 2016-க்குப் போக, 2013 ஆளுநர் தேர்தலில் வெறும் வெற்றி போதாது, பிரமாண்டமாக ஜெயிக்க வேண்டும். எதிர்க்கட்சி மேயர்களிடமும் ஆதரவு தேடினார்கள். ஃபோர்ட் லீ மேயர் தரவில்லை. 2013 செப்டம்பரில், பள்ளி திறந்த முதல் நாளன்று, அந்த ஊரிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் போகும் மூன்று தடங்களில் இரண்டை அடைத்துவிட்டார்கள். ஊரே பல நாள் நெரிசலில் சிக்கியது. செய்தது ஆளுநரின் ஆட்கள் என்று ஜனவரியில் வெளியான மின்னஞ்சல்கள் காட்டின. கிறிஸ்டி மீது வழக்கு இல்லை. தமக்குத் தெரியாது என்றார். 2013 நவம்பரில் 60 சதவீத வாக்கோடு ஜெயித்தவர், 2016 பிப்ரவரியில் போட்டியிலிருந்தே விலகினார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம். பெங்காசியில் ரைஸ் விழுந்தார், ஹிலாரி தப்பினார் என்றுதான் 2012 டிசம்பரில் எல்லோரும் நினைத்தார்கள். கேலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்கள் அதிகம் மதிக்கும் பெண்மணி அவர்தான். ஆனால் முதல் பெயர் அவருடையது என்பதால் பெங்காசிக் கோப்பை யாரும் மூடவில்லை. 2014 மே மாதம் பிரதிநிதிகள் சபை அதற்கென்றே தனிக் குழு அமைத்தது, தலைவர் ட்ரே கௌடி. அந்த விசாரணைகளுக்காக ஆவணங்களைத் தேடும்போதுதான், ஹிலாரி அமைச்சராக இருந்த காலம் முழுக்க அரசு வேலைக்குத் தனி மின்னஞ்சலையே பயன்படுத்தினார் என்ற விஷயம் கிளம்பி, 2015 மார்ச்சில் செய்தியாயிற்று. செப்டம்பரில் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கெவின் மெக்கார்த்தி தொலைக்காட்சியில் வாய்தவறி உண்மையைச் சொன்னார்: ஹிலாரியை யாராலும் தோற்கடிக்க முடியாது என்றார்கள், குழு அமைத்தோம், இப்போது அவர் ஆதரவு எங்கே நிற்கிறது பாருங்கள் என்கிற பாணியில். அந்தப் பேச்சு அவருக்கே வினையாயிற்று. அடுத்த பத்து நாளில் சபாநாயகர் போட்டியிலிருந்து விலகினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் 2012-இல் ராம்னியின் துணை வேட்பாளராக இருந்த பால் ரயன். அக்டோபர் 22-இல் ஹிலாரி அந்தக் குழுமுன் ஏறத்தாழ 11 மணி நேரம் பதில் சொன்னார்.

இதில் இன்னொரு ஆள் வருகிறார், 2012 நவம்பர் ஊகங்களில் பேச்சுக்கே வராதவர். எஃப்.பி.ஐ. இயக்குநர் ராபர்ட் முல்லரின் பத்தாண்டு பதவிக்காலம் 2011-இல் முடிந்து, தனிச் சட்டம் போட்டு இரண்டாண்டு நீட்டியிருந்தார்கள். 2013-இல் ஒபாமா அந்த இடத்துக்கு ஜேம்ஸ் கோமியைக் கொண்டுவந்தார். செனட்டில் 93-க்கு 1. எதிர்த்த ஒரே வாக்கு செனட்டர் ராண்ட் பாலுடையது. வெளியுறவுக்கு ரைஸா கெர்ரியா என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இந்த நியமனத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 2016 அக்டோபர் 28-இல், தேர்தலுக்குப் பதினோரு நாள் முன்பு, ஹிலாரியின் மின்னஞ்சல் பற்றிய எஃப்.பி.ஐ. விசாரணை தொடர்பாகப் புதிதாகச் சில மின்னஞ்சல்கள் கிடைத்துள்ளன என்று நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார் கோமி. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து ஹிலாரி தோற்ற வித்தியாசம் சுமார் 78,000 வாக்கு. கடிதம்தான் தோற்கடித்தது என்று என்னால் நிறுவ முடியாது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் அதற்குப் பங்கே இல்லை என்று வேறு யாராலும் நிறுவ முடியாது. அமைச்சரவை ஊகங்களும் அதிபர் ஊகங்களும் தனித்தனிப் பத்தியாக வந்துகொண்டிருந்த 2012 நவம்பரில், இரண்டுக்கும் நடுவே ஓடிய கம்பி பெங்காசிதான். அதை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

அந்தத் தேர்தலில் வென்ற டிரம்ப் எங்கே என்று கேட்பீர்கள். கட்சிப் பண்டிதர்களின் முன்வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆனால் ராம்னி தோற்ற ஆறாம் நாள், 'அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம்' என்ற முழக்கத்தை வணிக முத்திரையாகப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட்டார். அலுவலகத்தில் அது தாக்கலான நாள் நவம்பர் 19, கட்டணம் 325 டாலர். ரூபியோ அயோவாவில் கேக் வெட்டிய இரண்டாம் நாள். அரசு அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய காகிதம் அது. பெயர் அடிபடாததால் மூன்று ஆண்டு அவரைக் குறிவைத்து யாரும் சுடவில்லை. 2016 போட்டியில் ஜெப் புஷ்ஷை ஆதரித்த நிதி அமைப்பு பத்து கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அதன் எதிர்ப்பு விளம்பரங்களில் பெரும்பகுதி ரூபியோ போன்ற 'பட்டியல்' எதிரிகள் மீதே போயிற்று. எதிர்ப்பக்கத்தில் வெர்மான்டின் பெர்னி சாண்டர்ஸுக்கும் இதே சௌகரியம் கிடைத்தது. ராம்னி தோற்ற அதே நாளில் மீண்டும் செனட்டரானவர் அவர்; அப்போது வயது 71.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. அந்த நவம்பரில் கமலா ஹாரிஸ் கலிபோர்னியா மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர். 2010-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தேறியவர். அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2020-லும் 2024-லும் அந்த ஊரில் கட்டிய பேனர்களை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2012-இல் ஒரு பேனருக்கும் வேலை இருந்திருக்காது.

எல்லாப் பட்டியலிலும் இருந்த ஒருவர் அதிபரானார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். ஜோ பைடன். ஆனால் 2016-க்கான பட்டியலில் இருந்தவர் 2016-இல் நிற்காமல் 2020-இல் வென்றார். ஊகிப்பவர்களுக்கு ஆளைப் பிடிக்க முடிகிறது, ஆண்டைப் பிடிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, இன்றைய நிலவரம். அதே மார்கோ ரூபியோ 2025 ஜனவரியில் 99-க்கு 0 என்று ஒப்புதல் பெற்று வெளியுறவு அமைச்சரானார். மே மாதம் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பொறுப்பும் சேர்ந்தது. இரண்டையும் ஒருசேர வைத்திருந்த முந்தைய ஆள் ஹென்றி கிசிஞ்சர். தமக்குப் பின் யார் என்று கேட்டபோது டிரம்ப்பே ஜே.டி. வான்ஸ், ரூபியோ இருவர் பெயரையும் சொன்னார். உடனே 2028 பட்டியல்கள் கிளம்பிவிட்டன. அரங்கில் இருக்கும் இளைஞர்கள் அந்தப் பட்டியல்களைப் படியுங்கள், நானும் படிக்கிறேன். கூடவே இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சி எந்த சபையைப் பிடித்து, எந்த இலாகாவின் கோப்புகளை விசாரணைக் குழுவுக்குக் கேட்கிறது என்பது ஒன்று. பட்டியலில் இல்லாத யார் எந்த அலுவலகத்தில் என்ன விண்ணப்பம் கொடுக்கிறார் என்பது இன்னொன்று. ரூபியோவைப் பொறுத்தவரை என் கணிப்பைக் கேட்டால், புக்கானனுக்குப் பிறகு முறியாத கணக்கை அவர் முறிப்பார் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ஏன் என்பதைக் கேள்வி நேரத்தில் சொல்கிறேன்.